பாய் கட்டிய தீவு

கலாந்திராத் தீவு முதன்முதலில் இடம்பெயர்ந்தது ஓர் ஓகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை, காலைச் சாப்பாட்டு மேசைகளைத் துடைத்து முடித்ததற்கும் பகல் சாப்பாட்டுக்கு விரிப்புப் போட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தில். சிசிலிக்கு மேற்கே கடலுக்குள் தனியாகக் கிடந்த அந்தத் தீவு, தன்னுடைய எலுமிச்சைத் தோட்டங்களோடும், வேலியெங்கும் முள்ளுக்குள் சிவந்து கிடக்கும் கள்ளிப்பழங்களோடும், வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைப் பாறைகளோடும், அந்தப் பாறைகளுக்கடியில் மூன்று நீலமாகப் பிரிந்து கிடக்கும் கடலைப் பார்ப்பதற்கென்றே உலகமெல்லாம் இருந்து வந்து எண்பது அறைகளில் தங்கியிருந்த பணக்காரர்களோடும், அவர்களுக்குச் சமைத்தும் கூட்டியும் துவைத்தும் பிழைத்த இருநூறு குடிசனங்களோடும், கட்டவிழ்ந்த பசுமாடு மேய்ச்சலுக்குப் போவதுபோல வடமேற்காக இரண்டு மைல் நகர்ந்து போய் நின்றது. நீச்சல் குளத்து ஓரத்தில் படுத்திருந்த பெல்ஜியத்துச் சீமாட்டியின் கிண்ணத்தில் வைன் தளும்பவும் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊரிலிருந்து வந்தவர்களிடம் தீவு நகர்ந்த கதையைச் சொல்லி ஆச்சரியப்படுத்த முடியாது. சிசிலிக்காரர்களுக்கும் அப்படியொரு பழமொழி இருந்திருக்கவேண்டும், ஏனென்றால் அவர்களும் ஆச்சரியப்படவில்லை.

நகர்த்தியவள் இமெல்டா. வேண்டுமென்று செய்யவில்லை, ஈரத் துணி காயவேண்டுமே என்ற ஒரே கவலையில் செய்தது.

இமெல்டா யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் பிறந்தவள், வயது ஐம்பத்திரண்டு. கலாந்திராவின் ஆடம்பர விடுதியில் பத்தொன்பது வருடமாகக் கட்டில் விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, மடித்துக்கொண்டிருந்தாள். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்று சொல்லிவைத்தவர்கள், ஓடிப்போகிறவள் அங்கே என்ன வேலை செய்வாள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். உலகத்தின் அழகான கடல்களில் ஒன்று அவளுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. சலவை அறைக்கு ஜன்னல் கிடையாது. விருந்தாளிகள் தேனிலவுக்கு வந்தார்கள், பிறந்தநாளுக்கு வந்தார்கள், மனம் உடைந்தும் வந்தார்கள். அவர்களில் ஒருவருடைய முகமும் அவளுக்குத் தெரியாது. ஆனால் யார் அழுதுகொண்டு தூங்கினார்கள், யார் இவ்வளவு பெரிய கட்டிலில் ஒரு ஓரமாக ஒடுங்கிப் படுத்தார்கள் என்பதை விரிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளுடைய சொந்த விரிப்பும் ஓரத்தில் மட்டும்தான் கசங்கியிருக்கும்.

அந்தத் தீவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆபிரிக்காவிலிருந்து சிறோக்கோ என்ற சூட்டுக்காற்று அடிக்கும் நாட்களில் எந்தப் பெண்ணும் வெளியே துணி காயப்போடமாட்டாள். பாலைவனத்துச் செம்மண்ணைத் தூளாக அள்ளிவந்து வெள்ளைத் துணிக்கெல்லாம் பூசிவிட்டுப் போகிற காற்று அது. சலவைப் பகுதியின் தலைவி கொன்செத்தா இதை இமெல்டாவுக்கு முதல் வாரமே சொல்லியிருந்தாள். ஆனால் அந்த வியாழக்கிழமை கொன்செத்தா தமக்கையின் செத்தவீட்டுக்காகச் சிசிலிக்குப் போயிருந்தாள். விடுதியில் சுவிஸ்காரர்களின் கல்யாணக் கூட்டம் நிரம்பி வழிந்தது. நூற்று நாற்பது விரிப்புகள் ஈரத்தில் கிடந்தன. போதாக்குறைக்கு, துணி மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்புகள் இயற்கைக் காட்சியைக் கெடுக்கின்றன என்று மேலாளர் ஃபாவாரா அதற்கு முதல் நாள்தான் அத்தனையையும் அள்ளிக் குப்பையில் போட்டிருந்தார்.

இமெல்டா என்ன செய்வாள்? விடுதிக்குப் பின்னால் மலைச்சரிவில், ஒருகாலத்தில் திராட்சைக் கொடி படரவிட்ட கம்பங்கள் படிப்படியாக நட்டபடியே நின்றன. அவற்றில் ஒவ்வொரு விரிப்பின் நான்கு மூலைகளையும் இழுத்துக் கட்டினாள். கட்டிய முடிச்சு அவளுடைய அப்பா சவரிமுத்து தன் வள்ளத்துக்குப் பாய் கட்டிய முடிச்சு: வலப்பக்கமாக இரண்டு சுற்று, அடியால் ஒரு நுழைவு, ஓர் இழுவை. காற்று ஏற ஏற இறுகும், விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அவிழும். அந்த வீட்டில் ஆட்டைக் கட்டினாலும் அரிசிப் பையைக் கட்டினாலும் அதே முடிச்சுத்தான். இமெல்டாவின் மகள் அனற் ஆறு வயதில் அதைப் பழகியபோது எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுவாள், அது நழுவும், "வலப்பக்கம், பிள்ளை, வலப்பக்கம்" என்று இமெல்டா சொல்லிச் சொல்லிக் களைத்துப்போவாள்.

நூற்று நாற்பது விரிப்புகளும் ஒரே மூச்சில் வயிறு புடைத்தன. மலை ஒருதரம் முனகியது. வள்ளம் கரையை விட்டுக் கிளம்பும்போது காலுக்குக் கீழே ஓர் இளக்கம் வருமே, அந்த இளக்கம் இமெல்டாவின் உள்ளங்காலில் வந்தது. 'அட, போகுது' என்று நினைத்தாள். பிறகு அடுத்த கூடையை எடுக்கப் போனாள்.

பகல் கப்பலைக் கொண்டுவந்த கப்டன் நீனோவுக்குத்தான் கொஞ்சம் கோபம். வழக்கமான இடத்துக்கு வந்து பார்த்தால் வெறும் கடல். முக்கால் மணி நேரம் தேடித்தான் தீவைப் பிடித்திருந்தான்.

"போறதெண்டால் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போகக்கூடாதே?" என்று துறையில் நின்று கத்தினான். "கொண்டுவந்த ஐஸ் எல்லாம் தண்ணியாப் போச்சு!"

நீனோ பேசியது சிசிலிக்காரரின் இத்தாலி மொழிதான். பத்தொன்பது வருடம் கேட்டுக் கேட்டு இமெல்டாவின் காதில் அது குருநகர்த் தமிழாகவே விழத் தொடங்கியிருந்தது. ஆகவே இங்கேயும் அவள் காதில் விழுந்தபடியே எழுதப்படுகிறது.

அதே கப்பலில் கறுப்பு உடுப்போடு வந்திறங்கிய கொன்செத்தா நேராக மலைச்சரிவுக்கு ஏறிப்போனாள். விரிப்புகள் அத்தனையும் இளஞ்சிவப்பாகியிருந்தன.

"சிறோக்கோவிலை ஆராவது சீலை காயப்போடுவினமே?"

"தீவு நகர்ந்துபோட்டுது" என்றாள் இமெல்டா, குற்றத்தை முழுதாக ஒப்புக்கொள்வோம் என்று.

"அது கிடக்கட்டும். இந்தக் கறை போகுமோ?"

கறை போகவில்லை, போகவேண்டிய அவசியமும் வரவில்லை. சுவிஸ்காரர்களின் மணப்பெண் அந்த நிறத்தில் மயங்கிப்போனாள். பாலைவனத்துக் காற்று தன் கையால் சாயம் தோய்த்த விரிப்பு என்று ஃபாவாரா ஓர் அட்டை அச்சடித்து எல்லாத் தலையணையிலும் வைத்தார். இனிமேல் சிறோக்கோ அடித்தால் கட்டாயம் வெளியேதான் காயப்போடவேண்டும் என்று கட்டளையும் போட்டார். விரிப்புக் காயும், தீவு போகும், அதற்கென்ன?

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட விதம்தான் சொல்லவேண்டியது. பள்ளிக்கூடத்து ஆசிரியை திங்கட்கிழமை தோறும் சுவரிலிருந்த கடல் படத்தில் பழைய புள்ளியை அழித்துப் புதுப் புள்ளி வைத்தாள். கடிதம் எழுதுகிறவர்கள் முகவரியில் 'கலாந்திரா, எங்கே நிற்கிறதோ அங்கே' என்று எழுதப் பழகினார்கள், கடிதமும் வந்து சேர்ந்தது. தங்கள் மீன்பிடி இடம் பின்னால் போய்விட்டதென்று மீனவர்கள் இரண்டு நாள் ஒப்பாரி வைத்தார்கள், மூன்றாம் நாள் முன்பின் பார்த்திராத மீன்கள் வலையில் வர, பெயர் தெரியாமல் தங்கள் மாமியார்மாரின் பெயர்களை அவற்றுக்கு வைத்துச் சந்தையில் கூவி விற்றார்கள். சிசிலியைப் பார்த்தபடி நின்ற கோயில் மாதா சுருவத்தைப் பாதிரியார் ஞாயிறுதோறும் சிசிலி இருக்கும் பக்கமாகத் திருப்பிவைத்தார். ஒரு மதில் தகராறில் முப்பது வருடமாக முகம் பாராத அண்ணனும் தம்பியும், இப்போது எது வடக்கு என்று சண்டை பிடிப்பதற்காகவே பேசத் தொடங்கினார்கள். விருந்தாளிகளுக்கோ கொண்டாட்டம். ஒரு கடலுக்குக் காசு கட்டி வந்தவர்களுக்கு ஒன்பது கடல் கிடைத்தது. காலைச் சாப்பாட்டில் ஒரு முட்டையை உடைத்து முடிப்பதற்குள் சார்டீனியாவின் சிவந்த மலைமுகங்கள் மேசையைக் கடந்து போயின, உப்பு ஏரிகளிலிருந்து பூநாரைக் கூட்டம் எழும்பி விடுதியின் மேலால் பறந்தது, அந்தி வெயில் நாளுக்கொரு பாறையில் விழுந்தது. அழகான இடம் வரும்போதெல்லாம் வரவேற்பறையில் மணி அடித்தார்கள். ஃபாவாரா மொட்டை மாடியில் ஒரு பித்தளைத் தொலைநோக்கியை நட்டுவைத்தார். வழக்கமாக ஒக்டோபரில் பூட்டுகிற விடுதியை அந்த வருடம் பூட்டவேயில்லை, ஏனென்றால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

யார் தீவை ஓட்டுகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. மலையில் விரிப்பு இருந்தால் போகிறது, இல்லாவிட்டால் நிற்கிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் இமெல்டா இரண்டாம் நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தக் கடல் படத்தின் முன்னால் நின்றாள். சிறோக்கோ தென்கிழக்கிலிருந்து அடிக்கும், வடமேற்காகத் தள்ளும். விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். விரல் சார்டீனியாவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, பிரான்சின் கரையில், மார்செய் என்று எழுதியிருந்த இடத்தில் போய் நின்றது. அங்கேதான் அனற் இருந்தாள். அன்றைக்கு இமெல்டா பகல் சாப்பிடவில்லை.

கணவன் காய்ச்சலில் போன பிறகு, ஒன்பது வயது அனற்றைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள் இமெல்டா. இடையில் ஒரேயொரு முறை, இருபது நாளுக்கு ஊர் போனாள்; பதினான்கு வயது அனற் கதவுக்குப் பின்னால் நின்றுதான் அவளோடு கதைத்தது. பிறகு அனற் வளர்ந்து, பிரான்சுக்குப் போய், மார்செயில் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் ஓகஸ்டில். ஓகஸ்டில் விடுதியில் மூச்சுவிட நேரமிராது, லீவு தரமாட்டோம் என்கிறார்கள் என்று இமெல்டா தொலைபேசியில் சொன்னாள். வரமுடியாத குறைக்கு, தான் அறிந்ததில் மிக உயர்ந்த பொருள் எதுவோ அதை அனுப்பினாள்: விடுதியில் நிறம் மாற்றியபோது கழித்துவிட்ட பன்னிரண்டு விரிப்புகள், எகிப்துப் பருத்தி, ஓரத்தில் நீல நூலால் தைத்த வாள்மீன் முத்திரையோடு. தன் கையாலேயே மூன்று தரம் துவைத்து, இஸ்திரிப்பெட்டி போட்டு, இடையிடையே எலுமிச்சை இலை வைத்து அனுப்பினாள். பதின்மூன்று வருடம் ஒரு பொருளைத் தொட்டுத் தொட்டு அதுதான் உலகம் என்று ஆகிப்போனவளுக்கு, அதைப் பிரித்துப் பார்க்கிறவளின் கண்ணில் என்ன படும் என்று தெரியவில்லை.

அனற்றிடமிருந்து வந்த கடைசிச் செய்தி இது: "ஆரோ படுத்தெழும்பின சீலையைத் துவைக்கத்தானே என்னை விட்டிட்டுப் போனனீங்கள். அதையே எனக்கும் அனுப்பியிருக்கிறியள். இனி என்ரை வாசற்படி மிதிக்காதேங்கோ." அது நடந்து ஆறு வருடம். ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள் என்று தங்கை மூலம் தெரியும். பெயர் என்னவென்று தங்கை சொல்லவில்லை. இமெல்டாவுக்குக் கேட்க வெட்கமாக இருந்தது.

ஆகவே அவள் ஓட்டினாள். சிறோக்கோ வந்தால் எல்லா விரிப்பையும் ஏற்றினாள். எதிர்க்காற்று வந்தால் எல்லாவற்றையும் இறக்கிப் பாறையில் படுக்கையாக விரித்து, பறக்காமல் கல் வைத்தாள். கீழ்ச்சரிவில் கட்டினால் தீவின் முகம் ஒரு பக்கம் திரும்பும், மேற்சரிவில் கட்டினால் மறுபக்கம். அப்பா சவரிமுத்து பொம்பிளைப் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றியது இரண்டே தரம்தான், ஆனால் பார்த்திருந்த கண் பார்த்ததை விடவில்லை. சார்டீனியாவைச் சுற்ற மட்டும் பதினோரு நாள் பிடித்தது.

விடுதிச் சமையலறையில் காய்கறி வெட்டுகிற தவம் அண்ணைதான் தீவிலிருந்த இன்னொரு தமிழர், நெடுந்தீவுக்காரர். ஒருநாள் வெங்காயக் கூடையோடு மலைச்சரிவுக்கு வந்து, காற்றையும் விரிப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் ஒண்டும் கேக்கேல்லை" என்றார். "ஆனால் இதே போக்கிலை போனா ஆரின்ரையோ வீட்டுக் கதவிலை போய் இடிக்கப்போறம் போல கிடக்கு."

"இடிக்கமாட்டன் அண்ணை. பாத்துத்தான் போறன்."

"நெடுந்தீவுப் பக்கம் திருப்பேலாதோ?"

"சுயஸ் கால்வாய்க்குள்ளை தீவு நுழையாது அண்ணை."

தவம் அண்ணை "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார். அன்றைக்குச் சமையலறையில் அவர் அழுததற்கு எல்லாரும் வெங்காயத்தைக் குற்றம் சொன்னார்கள்.

கொன்செத்தா கேட்டது விரிப்பு மடிக்கும்போது. பெரிய விரிப்பை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்கவேண்டும். இரண்டு முனையில் நின்று உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, விரல் தொட்டு மூலையைக் கொடுத்து, மறுபடி விலகிப் போகவேண்டும். அத்தனை வருடத்தில் இமெல்டாவின் கையைத் தொட்ட ஒரே கை கொன்செத்தாவுடையதுதான், அதுவும் மூலையைக் கொடுக்கிற அந்த ஒரு கணத்துக்கு. அதனால் அவர்களுடைய பேச்சும் கிட்ட வரும்போது ஒரு வார்த்தை, விலகிப்போய்த் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை என்றுதான் நடக்கும்.

"எங்கை கொண்டுபோறாய் எங்களை?"

"மார்செய்க்கு."

"அங்கை ஆர்?"

"மகள்."

அடுத்த விரிப்பை எடுத்தார்கள். "கப்பலிலை போயிருக்கலாமே."

"வரவேண்டாம் எண்டவள். கல்யாணத்துக்கு நான் போகேல்லை."

"ஏன் போகேல்லை?"

இமெல்டா மூலையைக் கொடுத்தாள். ஆனால் விலகிப் போகவில்லை. "லீவு தரேல்லை எண்டு அவளுக்குச் சொன்னனான். நான் லீவு கேக்கவேயில்லை."

"தெரியும்" என்றாள் கொன்செத்தா. "என்னட்டைத்தானே கேட்டிருக்கோணும். நீ கேப்பாய் கேப்பாய் எண்டு அந்த ஓகஸ்ட் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தனான்."

"அவள் என்னைப் பாத்து, ஆர் நீங்கள் எண்டு கேட்டிடுவாளோ எண்டு பயமாக் கிடந்தது."

கொன்செத்தா விரிப்பைத் தன் பக்கம் இழுத்து மீதியைத் தனியாகவே மடித்து முடித்தாள், அது அவள் யாருக்கும் செய்யாத காரியம். இமெல்டா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

நவம்பர் மாதத்தில் ஒரு விடியற்காலை, கடலுக்கு மேலே வெள்ளை மலைகளும், குன்றின் உச்சியில் பொன்னாக மின்னும் மாதா சுருவமும், அதற்குக் கீழே கொட்டிவைத்ததுபோல வீடுகளும் தெரிந்தன. இமெல்டா சிலுவை போட்டுக்கொண்டாள். வரவேற்பறையில் மணி அடித்தது. இன்னும் இரண்டு சிறோக்கோ அடித்தால் போதும், கரையில் காயப்போட்டிருக்கும் துணியை எட்டித் தொடலாம்.

அன்றைக்கே மார்செய்த் துறைமுகத்திலிருந்து ஓர் அதிகாரி கோப்போடு படகில் வந்து இறங்கினார். தீவு வந்ததைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை, நல்ல தீவுதான். ஆனால் துறைமுகத்துக்கு ஐந்து மைலுக்குள் வருகிற எதுவும் அனுமதி எடுக்கவேண்டும், தீவுக்கு அனுமதி கொடுக்கிற படிவம் அவரிடம் இல்லை. ஃபாவாராவுக்கும் அது வசதியாகப் போயிற்று. மார்செய் நகரம் எதிரே தெரியும் இடம், மலையும் கடலும் சேர்ந்த காட்சி, இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அடுத்த கப்பலில் ஆறு உலர்த்தும் இயந்திரங்கள் வந்து இறங்கின. மலைச்சரிவின் கம்பங்களைப் பிடுங்கி அந்த இடத்தில் விருந்தாளிகள் யோகாசனம் செய்யப் பலகை மேடை போட்டார்கள். தீவு நின்றது. இமெல்டா ஜன்னல் இல்லாத அறையில் இயந்திரங்களின் வட்டக் கண்ணாடிக்குள் விரிப்புகள் உருள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீனோவின் கப்பல் இப்போது மார்செய்க்கும் தீவுக்கும் நடுவே ஓடியது. நாற்பது நிமிடப் பயணம். ஞாயிற்றுக்கிழமைகளில் இமெல்டா நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு துறைக்குப் போவாள். நீனோ பலகையை இறக்குவான், சங்கு ஊதுவான், பலகையைத் தூக்குவான், போவான். இமெல்டா திரும்பி வருவாள். எட்டு ஞாயிறு அப்படிப் போயிற்று. இவ்வளவு கிட்ட வந்து நிற்பதைவிட, சிசிலிக்கு மேற்கே தூரமாகவே கிடந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தூரத்தில் இருந்தபோது தூரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டாவது இருந்தாள்.

தவம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தீவையே இழுத்துக்கொண்டு வந்த மனிசி, கப்பலிலை ஏறமாட்டியே?"

"தீவு வந்தா அது தீவு வந்தது அண்ணை. கப்பலேறினா நான் வந்ததாப் போயிடும். வரவேண்டாம் எண்டவள். அவள் கூப்பிடாமல் நான் போகமாட்டன்."

"நீ இஞ்சை நிக்கிறதே அவளுக்குத் தெரியாது, பேந்து எப்பிடிக் கூப்பிடுறது?"

ஆனால் இமெல்டா அறியாத ஒன்றிருந்தது. தீவு வந்த முதல் நாளே மார்செய்ப் பத்திரிகை ஒன்று அதைப் படம்பிடித்துப் போட்டிருந்தது. பெரிய படம், மலை முழுக்க இளஞ்சிவப்பு விரிப்புகள், ஒரு கிளிப்புக்கூட இல்லாமல் மூலைக்கு மூலை முடிச்சுப் போட்டபடி. அந்த நகரத்தில் எட்டு இலட்சம் பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். முடிச்சைப் பார்க்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

பெப்ரவரியில் ஒருநாள் நீனோ தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே துறையில் இறங்கினான்.

"நாப்பது நிமிசம் ஓடுற இடத்துக்கு இண்டைக்கு முப்பத்தாறு. ஆர் பாய் கட்டினது?"

ஒருவரும் கட்டவில்லை. அடுத்த வாரம் முப்பத்தொன்று. அதற்கடுத்த வாரம் இருபத்துநான்கு. அதிகாரி மறுபடியும் கோப்போடு வந்து, கயிறு போட்டு அளந்து, தீவு வைத்த இடத்தில் வைத்தபடியே நிற்கிறது, நகரம்தான் கிட்ட வருகிறது என்று கண்டுபிடித்தார். நகரத்துக்கு அனுமதி கொடுக்கிற படிவமும் அவரிடம் இருக்கவில்லை. ஃபாவாராவின் கடலை அது குறைத்துக்கொண்டு வந்தது. அவர் கடல் பார்க்கும் அறைகளுக்கு நகரம் பார்க்கும் அறைகள் என்று பெயர் மாற்றி வைத்தார். பள்ளிக்கூடத்து ஆசிரியை தீவின் புள்ளியை விட்டுவிட்டு மார்செயின் புள்ளியை அழித்து அழித்து வைத்தாள். பன்னிரண்டு நிமிடத்துக்கு வந்தபோது நீனோ கப்பலில் கோப்பி விற்பதை நிறுத்தினான், குடித்து முடிக்க நேரம் போதவில்லையாம்.

அன்று நகரத்துப் பக்கமிருந்து காற்று அடித்தது. விருந்தாளிகள் எழும்பாத காலை நேரம். கொன்செத்தா சலவை அறைக்குள் வந்து, இமெல்டாவின் ஈரக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். வேலைக்காரர்கள் ஏறக்கூடாத மாடி. பித்தளைத் தொலைநோக்கியை ஏற்கெனவே ஒரு திசையில் திருப்பிவைத்திருந்தாள்.

"எங்கடை விரிப்பு ஒண்டு அங்கை கிடக்கு" என்றாள். "பார்."

இமெல்டா கண்ணை வைத்தாள். சாம்பல் நிற மாடிக் கட்டடம் ஒன்று. ஐந்தாம் மாடி. சின்ன பல்கனி. கம்பியிலிருந்து கம்பிக்கு இழுத்துக் கட்டிய ஒரு விரிப்பு, காற்றில் வயிறு புடைத்து நின்றது. எத்தனையோ தரம் துவைத்து, பழுத்து, மெலிந்துபோன விரிப்பு. ஓரத்தில் மங்கிப்போன நீல வாள்மீன். கிளிப் ஒன்றுகூட இல்லை, மூலைக்கு மூலை முடிச்சு. வலப்பக்கமாக இரண்டு சுற்று, அடியால் ஒரு நுழைவு. ஆறு வருடமாக அந்தச் சீலையில்தான் அனற்றின் வீட்டில் படுத்தெழும்பியிருக்கிறார்கள். இமெல்டா தொலைநோக்கியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

விரிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தலையணை உறையும் கட்டியிருந்தது. அதன் ஒரு மூலை முடிச்சு நழுவி, துணி படபடவென்று அடித்தது. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண்குழந்தை வெளியே வந்தது. கால்விரலில் எம்பி நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த மூலையைப் பிடித்து, கவனமாக, இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றியது. கையை எடுத்தவுடன் அது மறுபடி நழுவிற்று. குழந்தை மறுபடி இடப்பக்கமாகச் சுற்றியது.

கீழே சங்கு ஊதியது. இமெல்டா படியிறங்கினாள். நல்ல சட்டை போடவில்லை, கைப்பை எடுக்கவில்லை, ஏப்ரனைக் கழற்றவில்லை. தூக்கத் தொடங்கிய பலகையை நீனோ அவளைக் கண்டு மறுபடி இறக்கினான். அவள் ஏறிப்போய்க் கப்பலின் முன்பக்கத்தில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு நிமிடமும் எதிரே வளர்ந்துகொண்டு வந்த அந்த ஐந்தாம் மாடியைப் பார்த்து, முதலில் வாய்க்குள்ளும், பிறகு நீனோவுக்கும் கேட்கும்படியும், பிறகு காற்றுக்கு மேலாகவும் சொல்லிக்கொண்டே போனாள்:

"வலப்பக்கம், பிள்ளை, வலப்பக்கம்."